பரீட்சை எழுதும் டயர்

ஒரு பழைய எஸ்.யூ.வி. காரை எஃப்.சி. பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதன் டயர்கள் கூழாங்கல்லாய்த் தேய்ந்திருந்தன. உரிமையாளர் அவற்றைப் பட்டறையில் கழற்றிவைத்துவிட்டு, வாடகை டயர்களை மாட்டிக்கொண்டு போனார். மாலையில் சான்றிதழோடு திரும்பினார்.

"பாஸா, தம்பி?" என்றது கிழ டயர்.

"இந்த மாசத்துல ஒன்பதாவது வண்டி, பெரியவரே. ஒருதரம்கூட ஃபெயில் ஆனதில்ல" என்றது வாடகை டயர்.

"அப்ப நாளைக்கு மலைக்கும் நீயே போயேன். எழுபது வளைவு, உள்ள ஆறு பேரு. எனக்கு நடுங்குது."

"பரீட்சை எழுதுறதுதான் நான். உத்தியோகம் பார்க்கிறது நீங்க."

வாடகை டயர் கடைக்கு உருண்டது. கிழ டயர் பழைய இடத்தில் ஏறியது.

காலையில் உரிமையாளர் கற்பூரம் காட்டி, கிழ டயரின் அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். பழம் அண்ணாந்து பார்த்தது.

"ஐயோ தாத்தா, உங்க மேல ஒரு கோடுகூட இல்லையே! யாரும் பார்க்கலையா?"

"இவ்வளவு கிட்டத்துல பார்த்தது நீ ஒருத்திதான், கண்ணு."

"அப்ப நான் போய் அவர்கிட்டச் சொல்லட்டுமா?" என்று பழம் கேட்டு முடிப்பதற்குள் வண்டி நகர்ந்தது.