மூன்றாம் பெஞ்சில் ஒருவர்

“அன்பார்ந்த இறைமக்களே” என்று வாசித்துவிட்டுச் சாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

இறைமக்கள் என்றால் ஒருவர்தான். மூன்றாம் பெஞ்சில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்விக் கிழவி. வயது எண்பத்துமூன்று.

ஆயரின் கடிதம் நீளமானது. இன்றோடு இந்தக் கோயில் மூடப்படுகிறது என்பதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆயர் இரண்டு பக்கத்துக்கு வருந்தியிருந்தார்.

கட்டடத்தை வாங்கியவர் உள்ளே செயற்கைப் பாறை கட்டப்போகிறாராம். ஜனங்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சுவர் ஏறுவார்களாம். அதற்குள் இருநூறு பேர் பெயர் கொடுத்தாயிற்று.

அவர் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து இந்த ஜெர்மன் கிராமத்துக்குப் பங்குச் சாமியாராக வந்தபோது அந்த இருநூறு பேரும் இங்கேதான் இருந்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. முதல் ஞாயிறு காலிப் பெஞ்சுகளுக்குத்தான் பூசை வைத்தார். குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பாதிப் பூசையில் கதவைத் தள்ளிக்கொண்டு கிழவி வந்தாள்.

ஆறு வருடமாகிறது. பனி கொட்டினாலும் அவள் ஒரு ஞாயிறு தவறியதில்லை.

மந்தை என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆடு இருந்தது. அவருக்கு அது போதும். உண்மையைச் சொன்னால், அந்த ஓர் ஆட்டின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. ஊரே கடவுளை விட்டுப் போனபோது இவள் ஒருத்தி போகவில்லை. தன்னால்தான் போகவில்லை என்று நினைத்தார்.

போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள்.

“அம்மாவுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குய்யா. ஒன் பேரத்தான் சொல்லிக்கிட்டு இருக்கா. ஒரு எட்டு வந்து மொகத்தக் காட்டிட்டுப் போயிரு.”

விமானம் கிடைக்காமல் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பியிருக்கலாம்.

ஆனால் ஒரு ஞாயிறு பூசை நின்றாலும் கோயிலைப் பூட்டிவிடுவோம் என்று ஆயர் அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். இவருக்குப் பதிலாக அனுப்ப வேறு சாமியாரும் கிடையாது.

அங்கே அம்மாவுக்கு அக்கா இருக்கிறாள். அத்தான் இருக்கிறார். தெருவே இருக்கிறது. இங்கே இந்தக் கிழவிக்கு யார் இருக்கிறார்கள்? இந்தக் கதவையும் சாத்திவிட்டால் அவள் எங்கே போவாள்?

ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பிவிடுகிறேன் என்றார்.

அம்மா சனிக்கிழமையே போய்விட்டாள்.

ஞாயிறு பகல் ஒன்றரைக்கு அடக்கம். இங்கே அப்போது காலை ஒன்பது மணி. அவர் பூசை வைத்துக்கொண்டிருந்தார். “கிறிஸ்துவின் உடல்” என்று அப்பத்தை நீட்டினார். “ஆமென்” என்று கிழவி வாங்கிக்கொண்டாள்.

அந்த ஒரு ஆமெனைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு மாதத்தைத் தள்ளினார். பெற்றவளைக் கொடுத்தேன், ஓர் ஆத்துமாவைக் காப்பாற்றினேன் என்று படுக்கும்போதெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சில நாள் தூக்கமும் வந்தது.

கிழவியிடம் எதுவும் சொல்லவில்லை. பாவம், அவள் மனம் கஷ்டப்படும்.

இத்தனைக்குப் பிறகும் கோயிலை மூடினார்கள். பூசை நின்றதால் அல்ல. கூரை ஒழுகியதால்.

கடிதத்தை மடித்து வைத்தார். பேழையைத் திறந்து நற்கருணை அப்பத்தை வெளியே எடுத்தார். அணையா விளக்கை ஊதினார். ஒரே ஊதலில் அணைந்துவிட்டது.

வாசலில் கிழவி காத்துக்கொண்டிருந்தாள்.

இனி ஞாயிறுதோறும் டவுன் கோயிலுக்கு அவளைக் கூட்டிப்போக வண்டி வரும் என்று சொன்னார். மூன்று வாரம் யார் யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடி ஏற்பாடு செய்த வண்டி அது.

கிழவி சிரித்தாள். அவர் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

“எனக்கு எதற்கு பாதர் வண்டி? நான் கடவுளை நம்புவதை விட்டு நாற்பது வருடமாகிறது.”

அவருக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

“அன்றைக்கு ரொட்டி வாங்கப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன். காலிப் பெஞ்சுகளைப் பார்த்து நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். எவ்வளவோ தூரத்திலிருந்து வந்த பிள்ளை. யாருமே வராவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு மனசு கேட்கவில்லை.”

“அப்பம்?” என்று கேட்டார்.

“அதை நீட்டும்போது உங்கள் முகம் அப்படியே மலர்ந்துவிடும். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த எண்பத்துமூன்று வயதுக்காரியை அறைய வேண்டும் போல அவருக்குக் கை துடித்தது.

அவள் கவனிக்கவில்லை. இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்றாள். மகன் வீட்டுக்குச் சனிக்கிழமையே போய்த் தங்கலாம் என்றாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி நின்றாள்.

“நீங்களும் இனி நிம்மதியாக ஊருக்குப் போங்கள். அம்மா காத்துக்கொண்டிருப்பார்களே.”

அவள் முகம் முழுக்க அன்பு. கள்ளமே இல்லாத அன்பு.

“ஆமாம்” என்றார் அவர், சிரிக்க முயன்றபடி. “காத்துக்கொண்டிருப்பாள்.”