முதலாளியின் முன்பல்

"என் பல்லைப் பிடுங்கின கை எது? மரியாதையா முன்னால வந்துடணும்!"

முதலாளி போட்ட சத்தத்தில் ஏழு டெலிபோனும் கப்சிப்.

அவர் வாயில் பல்லெல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. போனது, பேனரில் இருந்த பல்.

ஆபீஸ் ஜன்னல்களை மொத்தமாக மூடி, வெளிப்பக்கம் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் அது. 'வைட்டமின் டி மாத்திரை! வெயில் உங்கள் வீடு தேடி வரும்!' என்று தெருவைப் பார்த்துச் சிரிக்கும் முதலாளி. அந்தச் சிரிப்பில் முன்பல்லை மட்டும் யாரோ கத்தரித்திருந்தார்கள். ஓட்டை வழியாக வெயில் சுள்ளென்று தேன்குரல் மேஜையில் விழுந்தது.

போனில் மாத்திரை விற்கும் பெண்களில் இனிக்க இனிக்கப் பேசுவதில் கெட்டிக்காரி என்பதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

"சாட்சி வேற வேணுமா? உன் மேஜைதானே?"

"மேஜை என்னுதுதான் சார்."

"'வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கீங்களா? மனசு சோர்வா இருக்கா?'ன்னு ஊருக்கெல்லாம் ஓதி விக்கிறே. உனக்கு மட்டும் வெயில் கேக்குதோ? யாரு வெட்டினா, சொல்லு!"

தேன்குரலுக்குத் தெரியும். சொல்லவில்லை.

"வாயில என்ன பூட்டா? நாளையிலேர்ந்து வராதே!"

வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள்.

"உட்காரு தங்கச்சி."

மூலையில், டியூப்லைட்டுக்கடியில் கணக்குப் பார்க்கும் முதலாளியம்மா. அவளுக்குக் குரல் இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. வீட்டில் தனியாக அழுகிறாள் என்று முதலாளிதான் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்.

"வெட்டினது நான். டீ நேரத்துல தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துட்டு நிக்கிறாளே, அது மட்டும்தான் இவ செஞ்ச குத்தம்."

"நீயா? உனக்கென்னடி குறை? நம்ம மாத்திரையே டப்பா டப்பாவா..."

"டாக்டரும் அதைத்தாங்க கேட்டு சிரிச்சார். ரத்தத்துல வைட்டமின் டி குறைவாம். மனசு துவண்டதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாமாம். மாத்திரையும் போடு, வெயில்லயும் கொஞ்சம் உட்காருன்னார். எங்கே உட்கார? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உங்க மூஞ்சிக்குப் பின்னாலதானே கிடக்கேன்!"

முதலாளி பேனரில் இருந்த ஓட்டையை நிமிர்ந்து பார்த்தார்.

முதலாளியம்மா கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"ஒரு பல்லு வழியா வர்ற வெயில் ஒருத்திக்குத்தான் போதும். இன்னும் ஏழு பேர் இருக்காங்க. மீதியை நீங்களே பிடுங்குங்க!"