வெண்ணெய் விலை

"வெண்ணெய் ஒரு யூரோ எண்பதுதாம்பா."

செல்போனைக் காதில் இடுக்கிக்கொண்டு எல்வீரா சொன்னாள். அவள் மூக்குக்கு நேரே இருந்த விலைச்சீட்டில் மூன்று யூரோ இருபது சென்ட் என்று போட்டிருந்தது.

பின்னால் கூடையோடு நின்ற நிஜோலேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கெதைனியாய் ஊரில் இருவரும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு. நிஜோலே வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். விற்பனை வரியில் ஒரு சென்ட் குறைந்தாலும் கடை முதலாளியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள்.

"முட்டையா? பத்து முட்டை ஒண்ணு இருபது. கறுப்பு ரொட்டி எண்பது சென்ட்தான். அது எங்கேப்பா ஏறுது?"

இரண்டும் பொய். நிஜோலே அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள். எல்வீரா போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"கண்ணாடி போட்டிருக்கேல்ல? சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியலையா?"

"சும்மா இரு, ஆபீஸரம்மா. நீ ரிட்டயராகி எத்தனை வருஷமாச்சு?"

"பெத்த பிள்ளைகிட்டயே பொய்க் கணக்கா?"

"அர்வீதஸ் அயர்லாந்துலயே வீடு வாங்கிடலாமான்னு யோசிக்கிறான். ஊருக்கு வந்தா கட்டுப்படியாகுமான்னு என்கிட்ட கேட்கிறான். அங்கே ரொட்டிக்கு, பாலுக்கு, வெண்ணெய்க்கு வரியே கிடையாதாம். இங்கே நூத்துக்கு இருபத்தொண்ணு. அதை நான் வேற எடுத்துச் சொல்லணுமா?"

"உன் பேச்சை நம்பி வேலையை விட்டுட்டு, பொண்டாட்டி பிள்ளையோட வந்து இறங்கினா? முதல் நாளே கடைக்குப் போவானே, அப்போ என்ன பண்ணுவே?"

"திட்டுவான். திட்டட்டும். எதிர்ல நின்னு திட்டுவான்ல?"

நிஜோலே தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன் பொண்ணு விலியா கேட்டப்போ நீ ஒழுங்கா விலை, வரி எல்லாம் சொன்னே. அவ நார்வேயிலயே தங்கிட்டா," என்றாள் எல்வீரா.

"அவ அங்கே நல்லா இருக்கா."

"இருக்கட்டும். யார் இல்லைன்னு சொன்னா?"

பணம் கட்டும் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றார்கள். எல்வீரா, மீன் விலையையும் பாதியாக்கி மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று கூடையைப் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ, உருளைக்கிழங்கை எடை போடாமலே எடுத்துட்டு வந்துட்டேன்! இந்தா, இதைப் பிடி. குளிரைப் பத்திப் பேசு. வேற எதுக்கும் வாயைத் திறக்காதே!"

போனை நிஜோலே கையில் திணித்துவிட்டு எடை இயந்திரத்துக்கு ஓடினாள்.

நிஜோலே ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அர்வீதஸ், நான் மூணாம் மாடி நிஜோலே."

"அத்தை! இன்னும் கடைக்காரங்களை மிரட்டிட்டுத்தான் இருக்கீங்களா?"

"விளையாட்டு அப்புறம். உங்கம்மா சொன்னதை நம்பி எந்த முடிவும் எடுத்துடாதே. வெண்ணெய் மூணு இருபது. முட்டை ரெண்டு அறுபது. ரொட்டி..."

"ஒண்ணு தொண்ணூறு," என்றான் அவன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கடையோட விலை நோட்டீஸ் வாரா வாரம் எனக்குப் போன்ல வந்துடும் அத்தை. அதைப் பார்த்துட்டுத்தான் அம்மாவைக் கூப்பிடுவேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா கேட்கிறே? எதுக்குடா?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஆங்கிலத்தில் எதையோ கேட்டு அடம்பிடித்தது. அர்வீதஸ் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வான்னு அம்மா ஒரு நாளும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை அத்தை. வெண்ணெய் விலையைத்தான் குறைப்பாங்க. என்னிக்காவது சரியான விலையைச் சொல்லிட்டாங்கன்னா, இவன் இனிமே வரமாட்டான்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்."

"வீடு?"

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"முன்பணம் கட்டியாச்சு. அம்மாகிட்ட சொல்லலை. சொன்னா அப்புறம் விலை சொல்ல மாட்டாங்க. நீங்களும்... சொல்லிடாதீங்க அத்தை."

எல்வீரா மூச்சு வாங்க ஓடி வந்தாள். உருளைக்கிழங்குப் பையில் எடைச்சீட்டு கோணலாக ஒட்டியிருந்தது.

"என்ன கேட்டான்? நீ ஏதாவது உளறினியா?"

"விலையெல்லாம் கேட்டான்," என்றாள் நிஜோலே.

எல்வீராவின் முகம் வெளுத்தது. "நீ என்ன சொன்னே?"

"நீ சொன்னதையேதான். மீன் மட்டும் இன்னும் கொஞ்சம் குறைச்சேன்."

எல்வீரா போனைப் பிடுங்கி, "கேட்டியாப்பா? வரி ஆபீஸ்ல இருந்தவங்களே சொல்லிட்டாங்க!" என்றாள்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் நல்ல காற்று. நிஜோலே கையுறையைக் கழற்றி மகளை அழைத்தாள்.

"என்னம்மா, வேலை நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் இல்லை விலியா. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் என்ன?"

நிஜோலே தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இல்லை... இங்கே வெண்ணெய் ரொம்ப மலிஞ்சு போச்சு."