கீழ்த்தட்டுச் சொர்ணத்தின் கூண்டு

ஆராய்ச்சிக்கூடத்து எலிகளில், மேல்தட்டுக் கோமளத்துக்குத் தன் வீட்டுச் சுத்தத்தைப் பற்றிப் பேசாவிட்டால் தீனி இறங்காது. கீழ்த்தட்டில் தனியாக இருந்த சொர்ணத்தைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

வாராவாரம் பணியாள் எல்லாக் கூண்டுகளுக்கும் புது மரத்தூள் போடுவார். ஒவ்வொரு கூண்டின் அழுக்கான பழைய தூளிலும் ஒரு பிடி எடுத்துச் சொர்ணத்தின் கூண்டில் கொட்டுவார். அறையில் எந்த எலிக்கு நோய் இருந்தாலும் அவளிடம் தெரிந்துவிடும் என்பது ஏற்பாடு.

"ஏண்டி சொர்ணம், உன் வீட்டு நாத்தம் இங்க வரைக்கும் வருதே. கொஞ்சம் பெருக்கினா என்ன?"

"இது நீங்க அனுப்புனதுதான் அக்கா. உங்க தூளுல சளி வாடை அடிக்குது. உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"ஆண்டவன் புண்ணியத்துல எங்க வீட்டுல ஒரு தும்மல் கிடையாது," என்ற கோமளம், வந்த தும்மலை அடக்க வாலைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் சொர்ணத்தை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். நோய் இருந்தது. அவள் திரும்பி வரவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று கோமளம் கூண்டு கூண்டாகச் சொல்லி மகிழ்ந்தாள்.

மறுநாள் பணியாள் தள்ளுவண்டியோடு வந்தார். அந்த அறையில் ஓர் எலியைக்கூட உயிரோடு விடக்கூடாது என்று உத்தரவாகியிருந்தது. முதலில் கோமளத்தின் கூண்டை இறக்கினார்.

வண்டியிலிருந்து அவள் அக்கம்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துக்கோங்க. சுத்தமா இருக்கிறவங்களுக்குத்தான் முதல் மரியாதை."