தழும்பில்லாத ஆபரேஷன்

"ஏன்டா ஆறுச்சாமி, ஒண்ணுக்குப் போறதுக்கு நீ கோயமுத்தூருக்கா பஸ் ஏறப்போறே? நம்மூரு நல்லேப்பிள்ளி வரப்பெல்லாம் உனக்குப் பத்தலையாக்கும்?"

செங்கோட்டையன் கேட்டதும் டீக்கடையே சிரித்தது. தம்பி ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு வருஷமாகவே அவருக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைக்கிறது, புற்று ஒன்றும் இல்லை, கோயமுத்தூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள் என்று பக்கத்துச் சித்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். அதை ரகசியமாக அண்ணனிடம் சொன்னதுதான் ஆறுச்சாமி செய்த தப்பு.

"வயித்தக் கிழிக்க மாட்டாங்களாமுங்கண்ணா. அந்த வழியாவே குழாய உட்டு, உள்ளுக்குள்ளயே சுரண்டி எடுத்துருவாங்களாமா. தழும்புகூட இருக்காதாம்."

"ஓஹோ, கெணத்துல தூர் வாருற மாதிரியா? போறதுதான் போறே, சாக்கிரதையாப் போ. இது எமர்ஜென்சி காலம். உள்ள போனா குடும்பக் கட்டுப்பாடுன்னு வேற எதையாச்சும் வெட்டிப்போட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியும் குடுத்து அனுப்பிச்சுருவாங்க!"

மறுபடியும் சிரிப்பு. ஒருவனுக்குப் புரையேறியது.

"என்னையப் பாரு. உன்னையவிட அஞ்சு வயசு மூத்தவன். ஒரு கொறை உண்டா? உடம்பச் சுத்தமா வெச்சுக்கோணும்டா. பேசாம ஊட்டுக்குப் போய் நீர்மோர் குடி."

ஆறுச்சாமி பயணத்தைக் கைவிட்டார். நீர்மோர் குடித்தார். கல்யாணம், காதுகுத்து, சந்தை என்று எங்கே பார்த்தாலும் அண்ணன் விடவில்லை. "என்ன தம்பி, தூர் வாரியாச்சா?"

ஐப்பசியில் ஒரு மத்தியானம் சொட்டும் நின்றுபோனது. அடிவயிறு பானை மாதிரி புடைத்துக்கொள்ள, ஆறுச்சாமி கட்டிலில் புரண்டு அலறினார்.

"உங்கண்ணன் வாய்க்குப் பயந்து உசுரையே உட்டுருவீங்களாட்ட இருக்குது!" என்று மனைவி பூவாத்தாள் டாக்சி பிடித்து அவரைக் கோயமுத்தூரில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

முதலில் குழாய் போட்டு நீரை வடித்தார்கள். பிறகு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, ஆபரேஷனையும் முடித்தார்கள். குழாயை எடுத்த அன்று தாரையாகப் போனபோது, ஆறுச்சாமி கக்கூஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

டாக்டர் வந்து பார்த்தார். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும். இத்தனை நாள் ஏங்க தள்ளிப்போட்டீங்க? எந்த ஊர் நீங்க?"

"நல்லேப்பிள்ளிங்க."

"அடடே, அங்க செங்கோட்டையன்னு ஒரு பண்ணையக்காரர் இருக்காரே, தெரியுமா? போன தை மாசம் அவருக்கும் இதே ஆபரேஷன் நான்தான் பண்ணினேன்."

பூவாத்தாள் வாயைப் பிளந்தாள். போன தை மாசம் செங்கோட்டையன் போனது பழனிக்குப் பாதயாத்திரை என்றல்லவா ஊரே நம்பிக்கொண்டிருந்தது!

"ஊர்ல இப்படி அவதிப்படறவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கன்னு அவர்கிட்டச் சொல்லி அனுப்பினேனே, சொல்லலீங்களா?"

ஆறுச்சாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"சொல்லாம இருப்பாருங்களா டாக்டர்! எங்கண்ணன் ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லீட்டுத்தானுங்க இருக்கறாரு."