பூவாளியின் பாசம்

ஒரு வீட்டுத் தோட்டத்தில் வாய் ஓயாத பூவாளி ஒன்று இருந்தது. தொட்டியில் நட்டிருந்த மழை லில்லியைத் தானே பெற்று வளர்ப்பதாக அதற்கு நினைப்பு. காலையும் மாலையும் வீட்டுக்காரம்மாவின் கையில் ஏறி வந்து, லில்லியின் தலையில் தண்ணீரைக் கொட்டும்.

“போதும் தாயே, வேர் அழுகுது!” என்று லில்லி கெஞ்சும்.

“சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்? குடி!”

மூன்று மாதமாகியும் ஒரு மொட்டுகூட வரவில்லை. “வாங்கின கிழங்கே சரியில்ல,” என்று பக்கத்துத் துளசியிடம் பூவாளி அலுத்துக்கொண்டது.

கோடையில் வீட்டுக்காரம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். “ஐயோ, பிள்ளை செத்திருக்குமே!” என்று பூவாளி இருபது நாளும் குளியலறை மூலையில் கவிழ்ந்து கிடந்து புலம்பியது.

அவள் திரும்பியதும் பூவாளி அவள் கையில் ஏறி ஓடோடி வந்து பார்த்தால், தொட்டி நிறைய இளஞ்சிவப்புப் பூ!

“நல்லாக் காய்ஞ்சு கிடந்தேன். நாலு நாளைக்கு முன்னாடி ஒரு மழை பெஞ்சுது. அவ்வளவுதான்,” என்றது லில்லி.

“நான் ஊத்தின ஊத்து வீணாப் போகுமா?” என்று பூரித்த பூவாளி, விட்டுப்போன இருபது நாளுக்கும் சேர்த்து ஊற்றியது.

இரண்டே நாளில் லில்லி தலையைத் தொங்கப்போட்டது.

“பாத்தியா, நான் இல்லாம எப்படி ஏங்கிப் போயிருக்கு!” என்று துளசியிடம் பூவாளி மூக்கு ஒழுக அழுதது.

ஒழுகிய தண்ணீரும் லில்லியின் தொட்டியில்தான் விழுந்தது.