பெண் கேட்டு வந்த பஹாய்

"மாமான்னு கூப்பிடாத. இன்னும் ஆகல," என்றார் பாக்கியநாதன்.

"சரிங்கய்யா," என்று ஜீவன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

பதுளையிலிருந்து பஸ் ஏறி, நமுனுகுல தேயிலைத் தோட்டத்துக்குத் தனியாகவே பெண் கேட்டு வந்திருந்தான். பஹாய் மதத்துக் குடும்பத்துப் பையன். பாக்கியநாதனோ மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் பெஞ்சுக்காரர். கேள்வி கேட்டே இவனை விரட்டுவது என்று விடிந்ததிலிருந்து தயாராக இருந்தார்.

"யேசுசாமிய நம்புறியா?"

"நம்புறேங்கய்யா. கடவுள் அனுப்புனவரு."

முதல் கேள்வியே வீணாய்ப் போனது.

"மாதா கன்னித்தாயின்னு?"

"அதையும்தாங்க."

பாக்கியநாதன் திணறிப்போய் மனைவியைப் பார்த்தார். றீட்டா தேத்தண்ணிக் கோப்பையைப் பையன் பக்கம் நகர்த்தினாள்.

"சரி. அவரு திரும்ப வருவாருன்னு?"

"வந்துட்டாருன்னு நம்புறோங்க. பஹாவுல்லாங்கிற பேர்ல, பாரசீகத்துல. ரொம்ப வருசமாச்சு."

"வந்துட்டாரா! எங்க ஃபாதருக்குத் தெரியாமலா?"

றீட்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மோசே, கிருஷ்ணர், புத்தர், நபி எல்லாரையுமே அந்த ஒரே கடவுள்தான் அனுப்பினாருங்க. ஒரு ஸ்கூல்ல வகுப்புக்கு ஒரு டீச்சர் வர்ற மாதிரி."

"அப்ப யேசுசாமி யாருக்குக் கீழ?"

"யாரும் யாருக்கும் கீழ இல்லீங்க. ஹெட்மாஸ்டர் ஒருத்தர்தான்."

பாக்கியநாதன் எழுந்தேவிட்டார்.

"போதும்! எனக்குச் சம்மதம் இல்ல. இனி நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியும். எம்பொண்ணக் கூட்டிக்கிட்டு ஓடிருவ. அதுக்கு எந்த டீச்சர்டா சொல்லிக் குடுத்தாரு? ஜெசிந்தினி கோயில்ல பாடுற புள்ள. நீயா கெடுத்தாத்தான் கெடுவா!"

ஜீவன் தலை குனிந்துகொண்டான்.

உள்ளறைத் திரைச்சீலை விலகியது.

"அவர ஏசாதீங்கப்பா," என்றாள் ஜெசிந்தினி. "ரெண்டு தடவ உடுப்பெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு, ஓடிப்போவோம் வாங்கன்னு பதுளை பஸ் ஸ்டாண்டுல போய் நின்னது நான்தான். 'பெத்தவங்க சம்மதம் இல்லாம எங்க மார்க்கத்துல கல்யாணமே கெடையாது'ன்னு ரெண்டு தடவையும் என்னைத் தோட்டத்து பஸ்ஸுல ஏத்திவிட்டது இவருதான்!"